தொண்ணூற்றொரு மார்க் வாங்கிய புழு

அத்தியாயம் 6

"எங்க ஊர் தண்ணி கொஞ்சம் உப்புக் கரிக்கும் மேடம். உங்க கை பட்டா சரியாயிடும்னு நினைக்கிறேன்."

சொல்லிவிட்டு டம்ளரை நீட்டியவன் சரவணகுமார். வாங்கிக்கொண்டு சிரித்தவள் துப்பறியும் செந்தமிழ். இரண்டையும் பார்த்துக்கொண்டு வாசற்படியில் நின்றவன் சுப்ராயன்.

சுப்ராயன் செந்தமிழுக்கு உதவியாளன். அதற்கு முன்னாலேயே புருஷன். வெளியாள் எதிரில் அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது பாண்டிச்சேரியில் போர்டு மாட்டிய அன்றைக்கே இரண்டு பேரும் பேசிக்கொண்ட ஏற்பாடு. கண்டவனும் அதே 'மேடம்' மேல் தேனைத் தடவி நீட்டலாம் என்று அந்த ஏற்பாட்டில் எந்த இடத்திலும் இல்லை.

"எனக்குத் தண்ணி இல்லீங்களா சார்?"

"நீங்க டிரைவர்தானே? வெளியே பானை இருக்குது பாருங்க."

சுப்ராயனுக்குக் காது மடல் சுட்டது. கல்யாண வீட்டு வீடியோ எடுத்த காலத்தில் எத்தனையோ மாப்பிள்ளைத் தோழர்களைப் பார்த்தவன் அவன். இந்த ரகத்தைத் தெரியும். சட்டைப் பையில் சீப்பு வைத்திருக்கிற ரகம்.

"அவரு என் அசிஸ்டென்ட்" என்றாள் செந்தமிழ். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. "சொல்லுங்க. டைரக்டர் உங்களை அந்தத் தொட்டியைப் போய்ப் பார்க்கச் சொன்னாராமே?"

"ஆமா மேடம். ரிசல்ட்டு தாறுமாறா வந்ததும், தன்கிட்ட இருக்குற சாவியைக் குடுத்து, பூட்டைத் திறந்து மீதிப் புழுவையெல்லாம் பார்த்துட்டு வான்னு பஞ்சநாதன் சார் என்னைத்தான் அனுப்பினாரு. லென்ஸ் வெச்சு ஒவ்வொண்ணா பார்த்தேன். ஒண்ணும் விசேஷம் இல்ல, சாதாரணப் புழுதான்னு சொல்லிட்டேன்."

"புழுவைப் பார்த்தா அருவருப்பா இருக்காதா உங்களுக்கு?"

"சேச்சே! புழுவுல கூட பொட்டைங்கதான் மேடம் லட்சணம். அந்தத் தொட்டியில இருக்குதே, சும்மா பச்சைப் பட்டு கட்டினாப்பல மின்னுது. லேடீஸ்னாலே ஒரு இது இருக்கத்தானே செய்யுது?"

செந்தமிழ் மறுபடியும் சிரித்தாள். சுப்ராயன் வெளியே போய்ப் பானைத் தண்ணீரைக் குடித்தான். அது கரிக்கவே இல்லை. அதற்கும் எரிந்தது.

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, பக்கிங்காம் கால்வாய்க் கரையில், தகரக் கூரை போட்ட நான்கு அறைகள். அதுதான் அந்த ஆராய்ச்சி நிலையம். பங்குனி வெயிலில் சுற்றிலும் பாத்திகள் கண்ணாடியாய்க் கூசின. உப்பு அம்பாரங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இவர்கள் ஆராய்ந்தது சேற்றுப்புழுவை. தூண்டிலில் கோத்துப் போடுகிற அதே புழுதான். அதன் வாலை வெட்டினால் வால் திரும்ப முளைக்கும். எப்படி முளைக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை வைஜெயந்தியுடையது. இன்று சாயங்காலத்துக்குள் விஷயம் தெளியாவிட்டால் அந்த வேலை அவள் கையை விட்டுப் போய்விடும், அதுவும் சரவணகுமார் கைக்கு.

செந்தமிழைக் கூப்பிட்டு அனுப்பியவளும் வைஜெயந்திதான். பக்கத்து ஊரான பிரம்மதேசத்துப் பெண். முப்பது வயதிருக்கும். தொட்டி அறையின் சாவியைத் தாலி மாதிரி கழுத்தில் கோத்துப் போட்டிருந்தாள்.

"அவன் இன்னா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே பூட்டைத் திறந்தாள்.

"தண்ணி குடுத்தாரு" என்றாள் செந்தமிழ்.

"குடுப்பான், குடுப்பான். எனக்கு அப்புறம் வந்தவன் மேடம். சார் அவனைத் 'தம்பி'ம்பாரு. என்னை 'ஏம்மா'ம்பாரு. டெல்லி மீட்டிங்கா, அவன். ஹைதராபாத்தா, அவன். புழுவுக்குத் தண்ணி மாத்தணுமா, ஏம்மா வைஜெயந்தி! இந்தச் சிப்பு டெஸ்ட்டு ஒண்ணுதான் என் பேருக்கு வந்துது. அது பொறுக்கல அவனுக்கு. என் சாம்பிள் ட்யூபை மாத்திட்டான்."

"அந்தச் சிப்பு இன்னான்னு எங்க ஆளுக்குப் புரியுற மாதிரி ஒரு தரம் சொல்லுங்க."

"உங்க ஆளுக்கா?" என்று வைஜெயந்தி சுப்ராயனைத் திரும்பிப் பார்த்தாள். இந்த 'உங்க ஆளு' அவனுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஆயிரக்கணக்கா ஜீன் இருக்குதுங்க. எல்லாமே ஒரே நேரத்துல வேலை செய்யாது. எது முழிச்சிக்கினு இருக்குது, எது தூங்குதுன்னு அந்தச் சிப்பு காட்டிடும். இப்ப, குருத்து செல்லுன்னு ஒண்ணு இருக்குது. ஸ்டெம் செல்லு. அது இன்னும் எதுவா ஆவுறதுன்னு முடிவு பண்ணாத செல்லு. அதுல எந்தெந்த ஜீன் முழிச்சிருக்கும்னு முன்னாடியே தெரியும். நம்ம சாம்பிள் அதுக்கு எவ்ளோ கிட்ட இருக்குதுன்னு கம்ப்யூட்டர் பார்த்துட்டு நூத்துக்கு இத்தனைன்னு போடும். பேப்பர்ல ஸ்டெம்னெஸ் ஸ்கோர்னு எழுதுவோம். இங்க குருத்து மார்க்குன்னு சொல்லுவோம்."

"வால் முளைக்குற இடத்துல குருத்து நிறைய இருக்கும். அதனால மார்க் ஏறும். அதானே?" என்றான் சுப்ராயன்.

"கரெக்ட். வெட்டின புழுவுக்கு ஏறணும், வெட்டாத புழுவுக்கு இருபதோ இருபத்தஞ்சோதான் வரணும். ஆனா வந்துது பாருங்க..." அவள் இரண்டு தொட்டிகளையும் காட்டினாள். "வெட்டினதுக்கு எழுபத்திரண்டு. சும்மா இருந்த புழுவுக்குத் தொண்ணூத்தொண்ணு!"

"வெட்டுப்பட்டவனை விட வேடிக்கை பார்த்தவன் அதிக மார்க் வாங்கிட்டான்."

"சிரிக்காதீங்க சார். அஞ்சு வருஷம் சேத்துல நின்னிருக்கேன். டைரக்டர் இன்னா சொல்றாரு தெரியுமா? 'கவனக்குறைவா, இல்ல திருட்டுத்தனமா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லிடும்மா'ங்கறாரு. நான் மூணாவது சொல்றேன். அவன்தான் மாத்தினான்."

செந்தமிழ் இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் நின்றாள். ஜன்னல் இல்லாத அறை. வெள்ளையடித்த சுவர். இடது பக்கம் வெட்டின புழுக்கள், வலது பக்கம் வெட்டாதவை.

"ட்யூபை யாரும் மாத்தல" என்றாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"மாத்தியிருந்தா ரெண்டுல ஒருத்தன் ஃபெயிலாகியிருக்கணும். எழுபத்திரண்டு வெட்டாத புழுவோடதுன்னே வெச்சிப்போம். அதுவும் பாஸ் மார்க்குதானே? இங்க யாருமே ஃபெயில் ஆகலியே!"

வைஜெயந்தி விடவில்லை. "ரெண்டு ட்யூப்லயும் வெட்டின புழுவையே போட்டுட்டிருந்தா?"

"ரெண்டும் கிட்டக் கிட்ட வந்திருக்கும். இது எங்கேயோ போயிடுச்சு. வால் முளைக்குற இடத்தை விடவும் குருத்தா ஒண்ணு அந்தச் சும்மா இருந்த புழுவுக்குள்ள இருக்குது. அது இன்னான்னு பார்க்கணும்."

"அவன் எதையோ கலந்திருக்கான்!"

"எப்பப் பார்த்தாலும் அவன்தானா?"

"வேற யாரு?"

சுப்ராயன் இதற்குள் சுவரோரம் போய்விட்டிருந்தான். வீடியோக்காரன் கண் எப்போதும் வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது என்றுதான் தேடும். "மேடம், இங்க வாங்க. இந்தச் சுவத்துல மட்டும் பல்லி எச்சம், கடுகைக் கொட்டினாப்பல. கீழ பூச்சி றெக்கை. அந்தப் பக்கத்துச் சுவரு சுத்தமா இருக்குது. பல்லி இன்னாத்துக்கு வலது பக்கத்துத் தொட்டியாண்ட மட்டும் குடித்தனம் பண்ணிச்சு?"

"ஏன்?"

"வெளிச்சம் இருந்திருக்கு மேடம். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். மண்டபத்துல நான் லைட்டு கட்டுற எடத்துலல்லாம் இதே கதைதான். ஆனா இங்க இப்ப லைட்டே இல்ல. ஆணி மட்டும் இருக்குது."

"பார்த்தீங்களா!" வைஜெயந்தி சொல்லப்போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சாவியைக் கழுத்தில் திருகிக்கொண்டே இருந்தாள். செந்தமிழ் அந்த விரல்களையே பார்த்தாள்.

"சரி. நாங்க வெளியே போய்க் காத்து வாங்கிட்டு வர்றோம்" என்றாள்.

கால்வாய்க் கரையில் அவர்களுடைய டிவிஎஸ் நின்றது. செந்தமிழ் அதன் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். இனி 'மேடம்' இல்லை.

"ஏங்க, மூஞ்சை ஏன் இப்படி வெச்சிக்கினு இருக்கீங்க?"

"டிரைவர் மூஞ்சி இப்படித்தான் இருக்கும்."

"ஐயே!"

"இன்னா ஐயே? அவன் பல்லைக் காட்டுறான், நீயும் காட்டுற. உனக்கு வாயில இத்தனை பல்லு இருக்குதுன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"சிரிச்சாத்தான் ஆம்பளைங்க பேசுவாங்க. அது தொழிலு. ஆமா, நான் சிரிச்சிக்கினு இருந்ததுல அவரு பேசினது முழுசா காதுல ஏறல. நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேனாவா? ஒரு எழுத்து விடாம நெஞ்சுல எழுதி வெச்சிருக்கேன்!" சுப்ராயன் இல்லாத சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டான். சரவணகுமாரின் குரல் அப்படியே வந்தது. "'புழுவுல கூட பொட்டைங்கதான் மேடம் லட்சணம். அந்தத் தொட்டியில இருக்குதே, சும்மா பச்சைப் பட்டு கட்டினாப்பல மின்னுது.' த்தூ! புழுவைச் சாக்கு வெச்சு உன்னைச் சொல்றான். உன் புடவை பச்சைன்னு அவனுக்குத் தெரியாதா?"

செந்தமிழ் சீட்டிலிருந்து குதித்தாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். ரசிக்கிறியா?"

"பொட்டைன்னு சொன்னாரா? பச்சைன்னு சொன்னாரா?"

"சொன்னான், சொன்னான்."

"வாங்க உள்ளே!"

வைஜெயந்தி அதே இடத்தில்தான் நின்றாள்.

"ஒரே ஒரு கேள்வி. இந்தப் புழுவுல ஆண் எது பொட்டை எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்க முடியாதுங்க. ரெண்டும் ஒரே சேத்துக் கலருதான். முட்டை ரொம்புறப்பத்தான் தெரியும். பொட்டை பச்சையா ஆயிடும், ஆண் வெளுத்துடும். அதுவும் ஆரம்பத்துல லென்ஸ் வெச்சாத்தான்..."

அவள் வலது பக்கத்துத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் முன்னாடி திண்டிவனத்துல ரத்தப் பரிசோதனைக் கடையில வேலை பார்த்தவம்மா" என்றாள் செந்தமிழ் மெதுவாக. "ஒரு பொண்ணைக் கூட்டிக்கினு வந்தாங்க. ஈஎஸ்ஆர் எக்கச்சக்கமா ஏறியிருந்துது. உடனே மாமியாக்காரி 'டிபி, டிபி'ன்னு தட்டை வேற, டம்ளரை வேற வெச்சிட்டா. கடைசியில பார்த்தா அது முழுகாம இருந்துது. ஈஎஸ்ஆர் பொய் சொல்லல. உடம்புல ஏதோ நடக்குதுன்னு சொல்லிச்சு, அவ்ளோதான். இன்னாதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. நாமதான் டிபின்னு படிச்சிட்டோம். உங்க குருத்து மார்க்கும் அதே ஜாதிதானே? குருத்துக்குக் கிட்ட இருக்குதுன்னுதான் சொல்லிச்சு. அது வால் குருத்தா, வேற குருத்தான்னு சொல்லிச்சா?"

"முட்டை..." வைஜெயந்தி தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். "முட்டையாப் போற செல்லும் குருத்து ஜாடைதான். பாதி ஜீனு ஒண்ணாத்தான் முழிச்சிருக்கும். வால் முளைக்குற எடத்தை விடவும் அதிகமா வரும்தான். ஐயோ! ஆனா இதுங்க முட்டை கட்டணும்னா நிலா வெளிச்சம் வேணும் மேடம். பௌர்ணமிக்கு முன்ன பின்ன சில ராத்திரி வெளிச்சம் படணும், அப்புறம் இருட்டு வரணும். இந்த ரூம்ல ஜன்னலே இல்லியே, நிலா எங்கேயிருந்து..."

"பல்லியைக் கேளுங்க" என்றாள் செந்தமிழ்.

"அவன்தான்!" சுப்ராயன் தொடையைத் தட்டினான். அவனுக்கு அன்று முழுக்க வராத சந்தோஷம் வந்தது. "ராத்திரி டார்ச்சு எடுத்துக்கினு வந்து அடிச்சிருக்கான். சீப்புக்காரன்! இப்பவே போய்..."

"டார்ச்சு அடிச்சா பல்லி ஓடிடும். குடித்தனம் பண்ணணும்னா தினம் ராத்திரி முழுக்க ஒரே எடத்துல எரியணும். தினம் ராத்திரி இந்தத் தொட்டிக்குக் காவல் இருந்தது யாரு?"

வைஜெயந்தி உட்கார்ந்துவிட்டாள். வெறும் தரையில், புடவை நனைவது கூடத் தெரியாமல்.

"ஜீரோ வாட்ஸ் பல்பு" என்றாள். "நான்தான் மாட்டினேன். சிப்பு எனக்குன்னு சொன்ன அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. அவன் வருவான், தொட்டியில எதையாவது கொட்டுவான்னு தோணிக்கினே இருந்துது. இருட்டுல எவன் வந்து கை வெச்சாலும் தெரியட்டும்னு வலது பக்கத்து ஆணியில பல்பை மாட்டினேன். சின்ன வெளிச்சம், இடது பக்கத்துத் தொட்டிக்கு எட்டல. அப்புறம் பூட்டு வந்துது. பல்பைக் கழட்டிட்டேன்."

"வெளிச்சம், அதுக்கப்புறம் இருட்டு."

"புழுவை எடுத்தப்பவும் லென்ஸ் வெச்சுப் பார்க்கல மேடம். அவன் வர்றதுக்குள்ள முடிக்கணும்னு விடியக்காலை அரையிருட்டுல எடுத்து ஐஸ்ல போட்டுட்டேன்." அவள் முகத்தை மூடிக்கொண்டாள். சட்டென்று விரல்களை விலக்கி ஒரு கண்ணால் பார்த்தாள். "இதை டைரக்டர்கிட்ட சொல்லியே ஆவணுமா? பல்பு அவன் போட்டான்னு சொன்னா இன்னா குறைஞ்சி போவுது?"

சுப்ராயனுக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. செந்தமிழ் முகத்தைப் பார்த்ததும் பிடிக்காத மாதிரி நின்றுகொண்டான்.

"உங்க பல்பை நீங்க சொல்லுங்க" என்றாள் அவள். "அவரு சங்கதியை நான் பார்த்துக்கறேன்."

பஞ்சநாதன் வழுக்கைத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார். மின்விசிறி சுற்றவில்லை, கரண்ட் போய்விட்டிருந்தது. சரவணகுமார் அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரால் அவருக்கு விசிறினான்.

வைஜெயந்தி நின்றுகொண்டே சொன்னாள். பல்பு, பூட்டு, அரையிருட்டு எல்லாம். 'யாருக்குப் பயந்து பல்பு போட்டே?' என்று பஞ்சநாதன் கேட்டபோது மட்டும் சுவரைப் பார்த்தாள்.

"இவருக்குத்தான் சார். இவரைக் கண்டா எனக்கு ஆகாது. இவருக்குக் கிடைக்குறதெல்லாம் எனக்கு ஏன் கிடைக்கலன்னு..."

"அடடா" என்றான் சரவணகுமார். அவன் முகத்தில் வெல்லம் கரைந்தது. "பரவாயில்ல வைஜெயந்தி. நான் தப்பா எடுத்துக்கல. சார், எப்படியும் அவங்க தப்புன்னு ஆயிடுச்சு. பாவம், லீவுல அனுப்புங்க. புராஜெக்ட்டை நான் பார்த்துக்கறேன்."

"முட்டை கட்டின விஷயம் உங்களுக்குத் தெரியாதா சார்?" என்று செந்தமிழ் தண்ணீர் கேட்கிற குரலில் கேட்டாள்.

"எனக்கு எப்படி மேடம் தெரியும்? பார்த்தேன், சாதாரணமாத்தான் இருந்துது."

"சாதாரணப் புழுவுல ஆண் பெண் தெரியாதாமே. நீங்க பொட்டைங்க பச்சையா மின்னுதுன்னு சொன்னீங்களே?"

"நானா? அப்படில்லாம் சொல்லலியே."

"நம்ம டிரைவரைக் கேளுங்க" என்றாள் செந்தமிழ்.

சுப்ராயன் ஓரடி முன்னால் வந்தான். வாழ்க்கையில் எந்த ரீலையும் அவன் இத்தனை ஆசையாக ஓட்டியதில்லை. தண்ணீர் கரிப்பதில் தொடங்கி, லட்சணம், பச்சைப் பட்டு, 'லேடீஸ்னாலே ஒரு இது' வரைக்கும், கையாட்டல் தலையாட்டலோடு சொல்லி முடித்தான். பஞ்சநாதன் துண்டைக் கீழே வைத்தார். சரவணகுமாரின் பேப்பர் விசிறலும் நின்றுபோனது.

"தம்பி" என்றார் அவர். "லென்ஸ்ல முட்டையைப் பார்த்திருக்கே. பார்த்த நிமிஷமே அந்தத் தொண்ணூத்தொண்ணு எங்கேயிருந்து வந்துதுன்னு உனக்குப் புரிஞ்சிருக்கும். புரிஞ்சும் ஒண்ணுமில்லன்னு என்கிட்ட வந்து சொன்னியா?"

"சார், அது வந்து..." அவன் வைஜெயந்தியைப் பார்த்தான். அந்தப் பார்வையிலிருந்த எரிச்சல் சுப்ராயனுக்கு நன்றாகப் பழக்கமானது. காலையிலிருந்து அவனே அதைத்தான் முகத்தில் வைத்துக்கொண்டிருந்தான். "சிப்பு ஏன் சார் அவங்களுக்குக் குடுத்தீங்க? என்கிட்ட இன்னா குறைச்சல்?"

வெளியே பாத்தியில் உப்பு வாரும் சத்தம் கேட்டது.

"ஒருத்தர் பொறாமையில பல்பைப் போட்டீங்க. ஒருத்தர் பொறாமையில வாயை மூடிக்கினீங்க. நடுவுல புழு முட்டை கட்டிடுச்சு" என்றார் பஞ்சநாதன். "தப்பு பண்ணாலும் வந்து சொல்லிடுச்சு இந்தப் பொண்ணு. ஏம்மா, புராஜெக்ட்டு உன்கிட்டயே இருக்கட்டும். முதல்லேர்ந்து செய். பல்பு கதையையும் மறைக்காம எழுது, மார்க்கைப் பார்த்துட்டு ஏமாறப்போற அடுத்தவனுக்கு உதவும். தம்பியை நான் வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"வேணாம் சார்" என்றாள் வைஜெயந்தி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகு அங்கே ஈரம் இல்லை.

"நான் பார்க்காததை அவரு பார்த்தாரு. நல்ல கண்ணு. அனுப்பாதீங்க. எனக்குக் கீழ போடுங்க. தண்ணி மாத்துற வேலைக்கு."

சரவணகுமாரின் மூச்சு சீறி வெளியே வந்தது. பேப்பரைக் கசக்கிப் போட்டுவிட்டு அவன் வெளியேறினான். போன வேகத்தில் வாசலில் இருந்த பானை உருண்டது.

சாயங்கால வெயிலில் டிவிஎஸ் பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில், கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஓடியது. உப்பு அம்பாரங்கள் இளஞ்சிவப்பாக மாறிக்கொண்டிருந்தன. சுப்ராயன் விசிலடித்தான். பின்னால் பேச்சே இல்லை.

"இன்னா, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல."

"கேஸு முடிஞ்சுதே!"

"அதான் முடிஞ்சுதே. முடிஞ்ச கேஸுக்கு அவ எதுக்குங்க வாசல் வரைக்கும் வந்து உங்க கையைப் புடிச்சிக்கினு தேங்க்ஸ் சொன்னா? பல்லியைக் கண்டுபிடிச்சீங்களாம். கண்டுபிடிச்சது நீங்க, யோசிச்சது நானு. என் கையை யாரும் புடிக்கல. நீங்களும் விடாம நின்னுக்கினே இருந்தீங்க."

சுப்ராயன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். ஒரு லாரி ஹாரனடித்துக்கொண்டு தாண்டிப் போனது. அவன் இன்னும் குறைத்தான்.

"காத்துல சரியா கேட்கல செந்தமிழு" என்றான். "இன்னொரு தரம் சொல்லு."